வலிக்காத சீட்டு

ஜமீலாவிடம் தோல் சீட்டு வாங்கிப்போகிறவர்கள் நாலாம் நாள் போன் செய்து திட்டுவார்கள். அது வழக்கம். "இன்னாக்கா, கருங்கல்லு மேல குந்த வச்சிட்டியே" என்று ஆரம்பிப்பார்கள். வாய்த்துடுக்கு உள்ளவர்கள் அதற்கு மேலும் போவார்கள். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நிதானமாக டீ குடிப்பாள். சைக்கிள் சீட்டில் புதுத்தோல் வலிக்கத்தான் செய்யும். உட்கார்ந்து உட்கார்ந்து அவரவர் எலும்புக்கு ஏற்றபடி அதில் இரண்டு குழி விழவேண்டும். விழுந்துவிட்டால், திட்டிய அதே ஆள் செத்தாலும் இந்த சீட்டை மாற்றமாட்டேன் என்பான். யோகேஷ் வரும்வரை, திட்டாத வாடிக்கையாளர் என்று ஒருவரையும் அவள் கண்டதில்லை.

சித்தூரில் கட்டமஞ்சி போகிற வழியில், பேட்டரிக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே இருந்தது அவள் கடை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் தோல் வெட்டியவள். அந்த வேலையை விட்டுவிட்டு எருமைத்தோலில் சைக்கிள் சீட்டு செய்யப்போகிறேன் என்று கிளம்பியபோது சிரிக்காத ஆள் இல்லை. இப்போது ஹைதராபாத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வருகிறது. தொழிலில் கெட்டிக்காரி, அதில் சந்தேகமே வேண்டாம். அவளுடைய கோளாறு வேறு. மனிதனுக்கு இடுப்புக்குக் கீழே வருகிற வலியெல்லாம் தப்பான சீட்டால்தான் வருகிறது என்று அவள் மனதார நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் அதை வீடியோவாகவும் எடுத்துப் போட்டிருந்தாள். "இடுப்பு வலின்னு டாக்டருக்கு தண்டம் அழுவாதீங்க, மொதல்ல சீட்ட மாத்துங்க" என்று விரலை ஆட்டி ஆட்டி அவள் சொல்கிற அந்த வீடியோவை லட்சம் பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள். யோகேஷும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற மாங்காய் லாரிகள் தெருமுனைவரை வரிசை கட்டி நின்றன. அழுகிய மாம்பழ வாடை கடைக்குள்ளேயும் புகுந்திருந்தது. ஜமீலா ஓர் அகலமான சீட்டை மடியில் வைத்துக்கொண்டு ரிவிட்டுகளுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். சீட்டின் பின்பக்கத்தில் தோலை இரும்புப் பட்டையோடு சேர்த்துப் பிடிப்பவை ஐந்து செம்பு ரிவிட்டுகள். சுத்தியால் அடித்து இறக்கியதும் அவற்றின் ஓரம் பிளேடு போல் நிற்கும். அதை அரத்தால் தேய்த்து மழுக்கவேண்டும். மழுக்காத ஒன்று அன்று காலையில்தான் அவள் கட்டைவிரலைக் கிழித்திருந்தது. நாலு முடிந்து, இடது ஓரத்தில் இருந்த ஐந்தாவதுமேல் அரத்தை வைத்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

ஓட்டிவந்தவள் கௌசிகா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி மூன்று வருடம். பக்கத்து சீட்டிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கியவன் அவள் கணவன் யோகேஷ். அரக்கோணத்துக்காரன். திருப்பதியில் வீடு எடுத்து, ரேணிகுண்டா பக்கம் போன் உதிரிபாகம் செய்யும் ஃபேக்டரி ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தான். காரின் பின்பக்கத்தில் உயரமான ஹாண்டில்பார் வைத்த சைக்கிள் ஒன்றைத் திணித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

"நிமிந்து குந்திக்கினு ஓட்ற சைக்கிள்க்கா இது" என்றான். "டெய்லி எட்டு கிலோமீட்டர் போறேன், எட்டு கிலோமீட்டர் வரேன். ரெண்டு மாசமா இடுப்பு, பின்பக்கம், வலது காலு பூரா வலி. மூணு சீட்டு மாத்திட்டேன். ரேஸ் சீட்டு போட்டேன். ஜெல் சீட்டு போட்டேன்..."

"ஜெல்லா?" ஜமீலா தலையில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், மடையைத் திறந்துவிட்டாற்போல் ஆகிவிட்டது. "தம்பி, குனிஞ்சி ஓட்றவனுக்கு பாதி வெயிட்டு கையில பூடும். அவனுக்கு ஒல்லி சீட்டு போதும். நிமிந்து குந்தறவனுக்கு மொத்த வெயிட்டும் பின்னால ரெண்டு எலும்புல. அந்த ரெண்டும் சீட்டு மேல குந்தணும், வெளிய தொங்கக்கூடாது. அதுக்கு அகலம் வேணும், அடியில ஸ்பிரிங் வேணும். மெத்துன்னு ஜெல்ல போட்டா இன்னா ஆவும்? எலும்பு உள்ள முழுகிப்பூடும். நடுவுல இருக்கிற நரம்பு நசுங்கும். தோலு அப்டியில்ல. முன்னால பின்னால இழுத்துக் கட்டின ஊஞ்சல் மாதிரி. உன்ன தாங்கும், முழுங்காது."

ஸ்டூல்மேல் கனத்த அட்டை ஒன்றைப் போட்டு அவனை நிமிர்ந்து உட்காரச் சொன்னாள். ஒரு நிமிடம் கழித்து அவனை எழுப்பிவிட்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். உட்காரும் எலும்புகள் பதிந்த இடத்தை அளந்து சீட்டின் அகலத்தைச் சொல்வது அவள் வழக்கம். இடது பக்கத்தில் நாணயம் பதிந்தாற்போல் ஆழமான குழி. வலது பக்கத்தில் விரலால் தடவித் தேடவேண்டியிருந்தது.

"பர்ஸ பின்பாக்கெட்ல வச்சிக்கினு திரியறியா?"

"ஆமாக்கா. வலது பக்கம்."

"அதான் இப்டி சாயற" என்றாள். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

கௌசிகா பக்கத்துக் கடைக்கு ஜூஸ் வாங்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் யோகேஷ் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனச்சிக்காதீங்க. நேத்துலேர்ந்து அங்க மரத்தாப்ல இருக்குது. நடுவுல. உள்தொடகூட. அவகிட்ட சொல்லல, பயந்துக்குவா. சனிக்கிழம முதுகு ஸ்கேனுக்கு எழுதி வாங்கி வச்சிருக்கறோம். அதுக்கு முன்னாடியே போயிடட்டுமா?"

இந்த இடத்தில் ஜமீலா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். 'எனக்குத் தெரியாது தம்பி' என்று மூன்றே வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மரத்துப்போகிறது என்று இதுவரை நாற்பது பேர் அவளிடம் சொல்லியிருந்தார்கள். நாற்பது பேருக்கும் சீட்டை மாற்றியதும் சரியாகியிருந்தது. அந்த நாற்பது பேரும் சேர்ந்து அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜெல்லுல குந்துனா மரக்காம இன்னா பண்ணும்?" என்று சிரித்தாள். "ஸ்கேன் எடுத்து இன்னா பண்ணப்போற? அங்க போனா வாய் கூசாம ஆபரேஷன்னு சொல்லுவானுங்க. ஒரு மாசம் இத ஓட்டு. அப்பறமும் வலிச்சா நானே கூட்டினு போறேன்."

அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கவேண்டுமே. பரீட்சை தள்ளிப்போன பையன்கூட அப்படிச் சந்தோஷப்படமாட்டான். அந்த நாக்கை அப்போதே யாராவது பிடித்து இழுத்திருக்கவேண்டும்.

மடியில் வைத்திருந்த சீட்டே அவன் அளவுக்குச் சரியாக இருந்தது. பேச்சு சூட்டில் அதையே எடுத்துக் கம்பியில் ஏற்றி, சீட்டின் மூக்கு மேலும் கீழும் சாயாமல் உள்ளங்கையால் மட்டம் பார்த்து, ஸ்பேனரால் இறுக்கினாள். யோகேஷ் தெருவில் மாங்காய் லாரிகளை ஒட்டி ஒரு சுற்று போய்வந்தான். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"அக்கா, பஞ்சு! குந்தினு இருக்கறதே தெரியல."

ஜூஸோடு திரும்பியிருந்த கௌசிகாவை ஜமீலா பெருமையோடு பார்த்தாள். புதுத்தோல் யாருக்கும் பஞ்சாக இருந்ததில்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. புகழ்ச்சி காதில் விழும்போது யாருக்குத்தான் உறைக்கிறது? அவன் இறங்கும்போது வலது பாதம் தரையில் தேய்ந்து செருப்பு கழன்றது. அதை அவனே சிரித்துக்கொண்டு மாட்டிக்கொண்டான்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வேலையோடு வேலையாகப் போயின. சனிக்கிழமை காலையில் ஜமீலா, பாக்கி அரம் போடவேண்டிய சீட்டை எடுக்கக் கையை நீட்டினாள். யோகேஷுக்குக் கொடுத்த சீட்டோடு ஜோடியாகச் செய்த இன்னொரு சீட்டு சுவரில் தொங்கியது. அதை மடியில் வைத்துப் பின்பக்கத்தைத் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. எல்லாம் வழவழவென்று இருந்தன. இதைப் போன வாரமே முடித்துவிட்டாள். அப்படியானால் மழுக்காத ரிவிட் எங்கே?

கட்டைவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். முதலில் அவள் பயந்தது தன் பெயருக்காகத்தான், அதை மறைப்பானேன். வாங்கிப்போனவனுக்குச் சதை கிழிந்து, போட்டோ எடுத்து வீடியோவின் கீழே போட்டுவிட்டால் தொழில் போச்சு. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போன் செய்தாள்.

"தம்பி, சீட்டு எப்டி இருக்குது?"

"சூப்பரா இருக்குக்கா! ஒரு வலியும் இல்ல. இடுப்பு வலியே பூட்ச்சி. ஸ்கேன்கூட கேன்சல் பண்ணிட்டேன். கௌசிகாதான் ஒரே சண்ட."

"பின்னால, இடது பக்கம் எதனா குத்துதா?"

"குத்தறதா? ஒண்ணுமே இல்லக்கா. காத்து மேல குந்தினு போறா மாதிரி இருக்குது."

போனை வைத்தபின் ஒரு டீ குடித்து முடிகிற நேரம்வரை அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒருவேளை அன்றைக்கே மழுக்கித்தான் கொடுத்தோமோ என்றுகூட நினைத்துப்பார்த்தாள். ஆனால் கைக்குத் தெரியும். அரத்தை வைத்தது, கார் வந்தது, அரத்தைக் கீழே போட்டது, எல்லாம் கைக்கு ஞாபகம் இருந்தது.

எழுந்து ஒரு தோல்துண்டில் புது ரிவிட் ஒன்றை அடித்து இறக்கினாள். மழுக்காமல் அதை ஸ்டூலில் வைத்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் "அல்லா!" என்று துள்ளி எழுந்துவிட்டாள். முழு வெயிட்டும் போடவில்லை, அதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் நாலு நாளாக அதன்மேல் போய்வந்து கொண்டிருக்கிறான். போக எட்டு, வர எட்டு கிலோமீட்டர். ஸ்பீட் பிரேக்கர், பள்ளம், ரயில்வே கேட் எல்லாம் தாண்டி. பஞ்சு என்கிறான். அவனுக்கு வரவேண்டிய வலி எங்கே போயிற்று?

பக்கத்துப் பேட்டரிக் கடை சந்திரசேகரிடம் சொன்னாள். ஐம்பது வயது மனிதர், தெலுங்கும் தமிழும் கலந்துதான் அவருக்குப் பேச வரும். முழுவதும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கம்ப்ளெயின்டே ராலேது, வரவே இல்ல. நுவ்வு எதுக்கும்மா தவிக்கிற? ஊரிகே உண்டு, சும்மா இரு. நீயா போயி ரிவிட் குத்துதான்னு கேட்டா, அதையே வீடியோ போட்டு உன் மானத்த வாங்கிடுவானுங்க."

அவள் சும்மா இருந்தாள். சனிக்கிழமை மீதியும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சும்மா இருந்தாள். ஞாயிறு மத்தியானம் தன் வீடியோவைத் திறந்து கீழே எழுதியிருந்ததையெல்லாம் படித்தாள். கடப்பாவிலிருந்து ஒருவர், 'ரொம்ப நன்றி அக்கா, நீங்க சொன்னப்புறம் டாக்டரை விட்டுட்டேன்' என்று எழுதியிருந்தார். அதற்கு அவளே ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பூ படம் போட்டுப் பதில் சொல்லியிருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் யோகேஷை விட்டுவிட்டுக் கௌசிகாவுக்குப் போன் செய்தாள்.

"அவரு போட்டுக்கினு போற பேண்ட்ட பாத்தியாம்மா?"

"ஏன்க்கா கேக்கறீங்க? மூணு பேண்ட்டு பின்னால ஒரே எடத்துல கிழிஞ்சிருக்குது. ரத்தக்கறகூட. ஃபேக்டரியில எங்கனா மாட்டிக்கினு இருப்பாருன்னு நெனச்சேன். கேட்டா, எனக்குத் தெரியவே தெரியாதுங்கறாரு."

"வேற எதனா இருக்குதா? எங்கிட்ட கூச்சப்படாத."

"உடம்பு சூடுக்கா. அவரு சொல்ல வெக்கப்படறாரு. பாத்ரூம் போனா அர மணி நேரம் ஆவுது, சரியா வரமாட்டேங்குது. ரெண்டு நாளா நெருஞ்சிமுள்ளு கஷாயம் வச்சிக் குடுக்கறேன். தொப்புள்ல வெளக்கெண்ணெ வக்கறேன். எங்க மாமியார் போன்ல சொன்னாங்க, மாம்பழ சீசன்ல எல்லாருக்கும் வர்றதுதானாம்."

"கௌசிகா, கஷாயத்த நிறுத்து. நான் வரேன்" என்றாள் ஜமீலா. கடையைப் பூட்டியவள் சந்திரசேகர் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பூதலப்பட்டு தாண்டும்வரை ஒரு பொய்யைத் தயார்செய்துகொண்டே போனாள். புது சீட்டு வாங்கியவர்களுக்கு ஒரு வாரத்தில் இலவச சர்வீஸ். வந்தேன், போல்ட் இறுக்கினேன், கையோடு ரிவிட்டையும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. கைப்பையில் அரம் இருந்தது. 'அப்படியே நைசாக டாக்டரிடம் போகச் சொல்லிவிடலாம்' என்று நினைத்தாள். சந்திரகிரி வந்து மலை தெரிய ஆரம்பித்ததும் அந்தப் பொய் அவளுக்கே குமட்டியது. பஸ்ஸில் எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவள் தனக்குத் தெரிந்த துவாவை முணுமுணுத்தாள். பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று.

ரேணிகுண்டா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த மாடி வீடு. மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் நின்றது. மேலே போகாமல் முதலில் அதனிடம் போய்க் குனிந்தாள். தோலில் குழி எதுவும் விழவில்லை, கொடுத்த அன்றைக்கு இருந்தாற்போலவே விறைப்பாக இருந்தது. இடது ஓரத்து ரிவிட்டின் அடியில் நீல நூல் சிக்கியிருந்தது. அதைச் சுற்றித் தோல் கருத்துக் காய்ந்திருந்தது. தொட்ட விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவைத் திறந்தவள் கௌசிகா. பின்னால் யோகேஷ் லுங்கியோடு வந்தான். வலது பாதம் தரையில் டப், டப் என்று அறைந்தது. அது அவனுக்குப் பழகிவிட்டிருந்தது போலும்.

"இன்னாக்கா, சர்வீஸுக்கு வூட்டுக்கே வந்துட்டீங்க! கௌசி, அக்காவுக்கு டீ போடு."

"டீ வாணாம் தம்பி. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்." உட்காராமல் நின்றபடியே சொன்னாள். "ஒரு ரிவிட்ட மழுக்காம உனக்கு மாட்டிக் குடுத்துட்டேன். பிளேடு மாதிரி இருக்குது. அதுமேலதான் நீ ஆறு நாளா குந்தினு போற."

யோகேஷ் சிரித்தான். அவளுக்காக வருத்தப்படுகிற சிரிப்பு. "அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? விடுங்கக்கா. குத்தவே இல்லயே."

"அதான் தம்பி. குத்தியிருக்கணும்."

சிரிப்பு அவன் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. கௌசிகா அவன் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போனாள். கதவு முக்கால்வாசிதான் மூடியது. ஜமீலா கூடத்தில் நின்று ஃபேன் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, எப்டி கிழிஞ்சிருக்குது பாரு" என்றாள் கௌசிகா உள்ளே. பிறகு, "அப்டியே குப்புற படு. கண்ண மூடிக்கோ. நான் தொட்டா சொல்லு."

"சரி."

ஃபேன் சுற்றியது. கீழே தெருவில் ஒருவன் தண்ணீர் கேன் உருட்டிக்கொண்டு போனான்.

"ம், தொடு" என்றான் யோகேஷ்.

பதில் இல்லை.

"கௌசி, இன்னா யோசிச்சிக்கினு இருக்கற? தொட்டாத்தானே சொல்ல முடியும்?"

"ரெண்டு கையாலயும் கிள்ளிக்கினு இருக்கறேங்க" என்றாள் அவள். அது அவள் குரலாகவே இல்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எமர்ஜென்சியில் டியூட்டி டாக்டர் பத்மினி என்று ஒருத்தி இருந்தாள், முப்பது வயதுகூட இருக்காது. அப்படி ஓடுகிற டாக்டரை ஜமீலா பார்த்ததில்லை. யோகேஷ் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவனைப் படுக்கவைத்து ஸ்கிரீனை இழுத்தாள். பாதத்தைத் தூக்கச் சொன்னாள். ஊசியால் குத்தினாள். வெளியே வந்து நர்ஸை விரட்டினாள். டியூப் போட்டதும் பை நிரம்பி, இன்னொரு பை மாற்றவேண்டிவந்தது. அத்தனை நீர் உள்ளே தேங்கி நின்றும் அவனுக்கு முட்டியதாகத் தெரியவில்லை. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், தள்ளிக்கொண்டு வந்தார்கள். எல்லாவற்றிலும் டாக்டர் கூடவே ஓடினாள். வார்டுபாய் வழியில் நின்றால் தெலுங்கில் கத்தினாள், சொந்தக்காரர்கள் நின்றால் தமிழில் கத்தினாள்.

ஸ்கேன் படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனோடு வந்து நின்றாள்.

"முதுகுல ஜவ்வு பிதுங்கி நரம்பு மொத்தத்தையும் நசுக்கிக்கினு இருக்கு. கால், யூரின், மோஷன், எல்லாத்துக்கும் போற நரம்பு. சர்ஜன் வேற கேஸ்ல இருக்காரு. இப்பவே நடுவுல இழுத்துட்டு வர்றேன். ஆனா ஒண்ணு கரெக்டா சொல்லணும். மரத்துப்போனது எப்போலேர்ந்து? ரெண்டு நாள் தாண்டலன்னா எல்லாம் திரும்பி வர நல்ல சான்ஸ் இருக்கு. சொல்லுங்க."

யோகேஷ் அவள் முகத்தையும் போனையும் பார்த்தான். அவள் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. பயந்த மனிதன் டாக்டருக்குப் பிடித்ததைச் சொல்வான். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து மேடம்" என்றான்.

"ஆமா மேடம், நேத்துதான்" என்றாள் கௌசிகா. அவளுக்குத் தெரியாது. அவன் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். அவள் முகம் தெளிந்தது.

"குட்" என்று டாக்டர் போனைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

ஜமீலா கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் நின்றால் போதும். கௌசிகாவின் முகம் அப்படியே தெளிவாக இருக்கும். கடையில் பேசியதும் கடையோடு போகும். நல்லபடியாக ஆகிவிடும் என்று மூன்று பேரும் நம்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த டாக்டர் பெண் ஒரு பொய்யை நம்பிக் கத்தியை எடுக்கச் சொல்லப்போகிறாள். ஏற்கெனவே ஒரு தடவை தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லித்தான் இவனை இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்தாயிற்று.

"நேத்து இல்ல மேடம்" என்றாள். "போன திங்கக்கெழமையிலேர்ந்து. செவ்வாக்கெழம எங்கிட்ட சொன்னாரு. ஸ்கேனுக்கு போவட்டுமான்னும் கேட்டாரு. நான்தான் வாணான்னு சொன்னேன்."

யோகேஷ் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தான்.

"போன திங்கள்" என்றாள் டாக்டர். மனதுக்குள் எண்ணினாள். "ஏழு நாள்."

போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதில் சர்ஜன் ஹலோ, ஹலோ என்றுகொண்டிருந்தார். அவரிடம் நாலு வார்த்தை பேசினாள், மெதுவாக. கையிலிருக்கிற கேஸை முடித்துவிட்டே வரட்டும் என்பது மட்டும் ஜமீலாவின் காதில் விழுந்தது. பிறகு சுவரோரம் இருந்த நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்தாள். கேஸ் ஷீட்டை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள்.

"ஆபரேஷன் இன்னிக்கே பண்றோம்மா" என்றாள் கௌசிகாவிடம். அதுவரை எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தவள் இப்போது மிருதுவாகப் பேசினாள். "கால் இதுக்கு மேல போகாம பாக்கலாம். மத்தது போகப்போகத்தான் தெரியும். நீங்க ஏதாவது சாப்டீங்களா?"

கௌசிகா கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று ஜமீலா நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. ஜமீலாவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, டாக்டர் காதில் விழாதபடி கேட்டாள்.

"அக்கா, இவ்ளோ நேரம் ஓடிக்கினே இருந்தாங்களே. இப்ப ஏன் உக்காந்துட்டாங்க?"